தூசியா, சூரியப் புள்ளியா?

அறிவியல் அகாடமிகள் தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை பட்டியலில் பெயர் இல்லை. இப்போது அந்த விண்ணப்பத்தை எடுத்துப் படித்தால், நானே என்னைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல்; பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழி; அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். இப்படியொரு உதவித்தொகை இருப்பதே எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருக்கும் மூன்று அகாடமிகள் சேர்ந்து நடத்துவது. தேர்வானால் கோடையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பார்க்கலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், என்ன செய்ய ஆசை என்று ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான்.

அந்தச் சின்னக் குறிப்பில்தான் கோட்டை விட்டேன். 'சிறு வயதிலிருந்தே விண்வெளி மீது ஆர்வம்' என்று தொடங்கி, கருந்துளை, இருண்ட பொருள் என்று தெரிந்த பெரிய பெயர்களையெல்லாம் அடுக்கியிருந்தேன். பரிந்துரைக் கடிதம் இன்னும் மோசம். சார் பாவம், அதுவரை யாருக்கும் அப்படி எழுதியதில்லை. 'நன்னடத்தை உடைய மாணவி' என்று இரண்டு வரி. டி.சி.யில் போடுகிற அதே வரி!

2024 மே மாதம் சூரியனில் கறுப்பாகத் தெரியும் ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் வந்தது. கிரகணக் கண்ணாடி போட்டாலே தெரிந்தது. மொட்டை மாடியில் நின்று நாலைந்து நாள் நோட்டில் வட்டம் போட்டுக் குறித்து வைத்தேன். நாளுக்கு நாள் நகர்ந்தது, சரி. ஆனால் ஒரே நாளில் காலையில் போட்ட படமும் மாலையில் போட்டதும் பொருந்தவில்லை. சூரிய வட்டமே நம் கண்ணுக்குச் சாய்ந்து திரும்பித் தெரிகிறது என்று புரிய ஒரு வாரம் ஆனது. இரண்டாவது விண்ணப்பத்தில் இதை மட்டும்தான் எழுதினேன். கணக்கு இடித்த இடத்தையும் மறைக்கவில்லை. சாரிடம் நோட்டைக் காட்டினேன். இந்த முறை கடிதம் ஒரு பக்கம் வந்தது.

பெங்களூரு கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. எங்கள் செமஸ்டர் தேர்வு மே நடுவில்தான் முடிந்தது. வழிகாட்டியிடம் முன்பே சொல்லித் தேதியைத் தள்ளிக்கொண்டேன். பைத்தான் என்ற கணினி நிரல் மொழி தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்போ முதல் வாரம் அதைப் படிங்க" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இரண்டு நாள் சரியாகத் தூங்காமல் இருந்தேன். அப்புறம், போகும்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். உதவித்தொகை வரும்வரை சாப்பிட வேண்டுமே.

வேலை, கொடைக்கானல் ஆய்வகத்தின் பழைய சூரியப் படங்களில். 1904 முதல் எடுத்தவை, கண்ணாடித் தகடுகளிலிருந்து கணினிக்கு ஏற்றியவை. புள்ளிகளைக் குறிப்பதுதான் என் பங்கு. ஆனால் தகட்டில் விழுந்த தூசியும் கீறலும்கூடக் கறுப்பாகத்தான் தெரியும். "மறுநாள் படத்தைப் பாருங்க" என்றார் வழிகாட்டி. பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் ஒரு நாளில் சுமார் 13 டிகிரி திரும்பும். அந்த அளவு நகர்ந்திருந்தால் புள்ளி. காணவே காணோம் என்றால் தூசியாக இருக்கலாம். சின்னப் புள்ளி ஒரே நாளில் மறைந்தும் போயிருக்கலாம். அப்போது அந்தக் கறுப்பின் ஓரம் எப்படி இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் ஆசை ஆசையாகக் குறித்த 37 புள்ளிகளில் 11 கீறல்.