வட்டாபுலுவையில் மகாவலிக் கரை

வேலூர்க்காரனான எனக்குக் கண்டியின் கடைசி அரசர் புதியவர் அல்லர்; பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறையைப் பார்த்தே வளர்ந்தேன். ஆனால் அவர் 1815-இல் நாடிழந்த கதையைத்தான் எங்கள் ஊரில் சொல்வார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயப் படை அவரிடம் அழிந்த இடத்தைக் காணவே சென்ற ஆனியில் கண்டிக்குப் போனேன்.

கொழும்பிலிருந்து செல்லும் வழியில் கடவத்தை என்ற ஊர் வருகிறது. மலைநாட்டுப் பாதைகளில் முட்கதவு வைத்துக் காவல் காத்த இடங்களுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். கண்டி அரசர்கள் வழிகளை வேண்டுமென்றே குறுகலாக வைத்திருந்தார்கள். காடும் கணவாயுமே அவர்களுக்கு மதில்.

1803 பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதி மெக்டவலின் படை கொழும்பிலிருந்தும் பார்பட்டின் படை திருகோணமலையிலிருந்தும் வந்து சேர்ந்தபோது, நகரம் ஆளின்றி எரிந்துகொண்டிருந்தது. முந்தைய அரசரின் மைத்துனரான முத்துசாமியை அவர்கள் அரியணையில் அமர்த்தினார்கள். வணங்கத்தான் குடிகள் இல்லை. பிறகு காய்ச்சல் சிப்பாய்களைச் சாய்த்தது. காட்டில் மறைந்திருந்தவர்கள் வழிகளை அடைத்தார்கள். ஏப்ரலில் மெக்டவல் கொழும்பு திரும்ப, மேஜர் டேவி எஞ்சியவர்களோடு ஜூன் 24 அன்று சரணடைந்து, நோயாளிகளை அங்கேயே விட்டுத் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார்.

அவர்கள் ஆற்றைக் கடக்க வந்து நின்ற, கண்டியை அடுத்த வட்டாபுலுவையில் நான் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. தென்மேற்குப் பருவத்தில் மகாவலி செந்நிறமாகச் சுழித்து ஓடுவதைப் பார்த்தபின்தான், தெப்பமோ படகோ இல்லாமல் இக்கரையில் நின்றவர்களின் நிலை எனக்கு விளங்கியது. முத்துசாமியை ஒப்படைத்தால் வழி விடுவதாகக் கண்டியர் சொன்னார்கள். டேவி ஒப்படைத்தார், முத்துசாமி கொல்லப்பட்டார். தாங்களே முடிசூட்டியவரைக் கைவிட்ட இச்செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆயுதங்களைக் கீழே வைத்தவர்களை ஜூன் 26 அன்று வெட்டிச் சாய்த்ததையும் வீரம் என்று எழுத மனம் வரவில்லை. கழுத்தில் வெட்டுப்பட்ட பார்ன்ஸ்லி என்ற கார்ப்பரல், சாய்ந்த தலையைக் கையால் தாங்கியபடி ஆற்றைக் கடந்து, மாத்தளைப் பக்கம் இருந்த மெக்டவல் கோட்டைக்குச் செய்தி கொண்டுபோனாராம். டேவி சிறையிலேயே இறந்தார்.

திரும்பும்போது கடுகண்ணாவையில், பாறையைக் குடைந்த பழைய சாலையின் முன் சற்று நின்றேன். கண்டியைப் பிடித்த பின் ஆங்கிலேயர் முனைந்து செய்த வேலைகளில் ஒன்று, அந்த மலையில் வண்டி போகும்படி வழி அமைத்தது.