வெள்ளம் ஏறின கிணத்துக்குக் குளோரின்

வெள்ளம் ஏறின கிணத்தை இறைச்சால் மட்டும் போதும் எண்டு விடாதேங்கோ. எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில மலசலகூடக் குழித் தண்ணி கெதியா ஊறி வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டச் சொல்லி குளோரின் போடுவியுங்கோ.

கிணத்து விட்டம் × விட்டம் × தண்ணி ஆழம் (மீற்றரில) × 785, இதுதான் கிணத்துத் தண்ணியின்ர லீற்றர் கணக்கு. 1000 லீற்றருக்கு பிளீச்சிங் பவுடர் (குளோரின் தூள்) 2.5 கிராம். 3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணி எண்டால் 35 கிராம் வரும். கலங்கல் தண்ணி குளோரினைத் தின்னும், அதால முதல்ல இறையுங்கோ.

வாளியில கரைச்சு 10 நிமிசம் அடைய விட்டு, தெளிஞ்சதை மட்டும் கிணத்துக்குள்ள ஊத்துங்கோ. அடியில கிடக்கிறது சுண்ணாம்பு. ஏற்கெனவே கேத்திலில வெள்ளையாப் படியிற தண்ணிக்கு அது வேண்டாம். வாளியை இறக்கி நல்லாக் கலக்கி, 1 மணித்தியாலம் விடுங்கோ. பிறகு மிஞ்சின குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கோணும். இல்லையெண்டால் திறந்து வைச்ச பழைய தூளாயிருக்கலாம், வீரியம் போயிருக்கலாம்.