வலிக்காத கருவிழிப் புண்

அப்பாவின் கருவிழிப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் இழுத்ததற்கு முதல் காரணம், அது அவருக்கு வலிக்கவே இல்லை என்பதுதான். காவேரிப்பட்டணம் அருகே எங்கள் மாந்தோப்பில் கவாத்து செய்கையில் இலை நுனி ஒன்று கண்ணைக் கீறியது. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உள்ள அவர், கண் சிவந்து பார்வை மங்கிய பிறகும், "உறுத்தலே இல்லையே" என்று மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தோடு வேலையைத் தொடர்ந்தார்.

சேலத்தில் நாங்கள் பார்த்த கண் மருத்துவர், பஞ்சைத் திரித்து அதன் நுனியால் கருவிழியைத் தொட்டபோது அப்பா இமைக்கவே இல்லை. பிறகு சாயம் தோய்ந்த தாளைக் கீழிமையில் வைத்து நீல ஒளியில் பார்த்தார். மேல்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. கருவிழியின் நுண்ணிய நரம்புகள் வலியை உணர்த்துவதோடு மேல்தோல் வளரத் தேவையான பொருள்களையும் சுரக்கின்றன என்றும், கட்டுப்படாத சர்க்கரை அந்த நரம்புகளைச் சிதைத்துவிடுவதால் காயம் பட்டதும் தெரியாது, பட்ட காயம் எளிதில் ஆறவும் ஆறாது, மூடினாலும் புதுத்தோல் அடியில் சரியாக ஒட்டாமல் மீண்டும் உரியும் என்றும் அவர் விளக்கினார். சாதாரணமாகச் சிறு கீறல் 2, 3 நாட்களில் மூடிவிடுமாம்.

இலை பட்ட காயம் என்பதால், பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள், இல்லை. புது மருந்து தருவார் என்று நான் காத்திருக்க, அவரோ முதல் வேலையாகக் கடை மருந்தை நிறுத்தினார்: அது கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமே பலவீனமான மேல்தோலைப் புண்ணாக்கும் என்றார். ஆன்டிபயாடிக் சொட்டும், அந்த ரசாயனம் இல்லாத செயற்கைக் கண்ணீரும், இமை உரசாமலிருக்கக் கட்டு போல ஒரு மென் லென்ஸும் தந்தார். அப்படியும் புண் மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தது.

அடுத்ததாகச் சொன்னது சீரம் சொட்டு. "என் ரத்தத்தையே என் கண்ணுல விடறதா?" என்று அப்பா திகைத்தார். ரத்தம் எடுத்து உறையவிட்டு, சுழற்றிப் பிரித்த தெளிந்த நீரை உப்புநீரில் 20 சதவீதமாகக் கலந்து சிறு சிறு பாட்டில்களில் தந்தார்கள். நரம்பு சுரக்கத் தவறிய வளர்ச்சிப் பொருள்கள் சில அதில் இருக்கின்றன. எளிதில் கிருமி வளரும் என்பதால், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் பேருந்தில் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்தோம். மின்வெட்டு நாட்களில் அம்மாவுக்கு அதே கவலை. இதற்கும் ஆறாவிட்டால், வயிற்றில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடச் சவ்வைப் புண்மேல் ஒட்டுவதாகவோ இமையின் ஒரு பகுதியைத் தைத்து மூடுவதாகவோ சொல்லியிருந்தார், அதுவரை போகவில்லை. கூடவே இன்சுலின் அளவைத் திருத்தினார்கள், களியின் அளவும் குறைந்தது.

இப்போது புண் மூடிவிட்டது. மங்கலான தழும்பு மட்டும் நின்றுவிட்டது. உணர்ச்சி திரும்பாததால் கண்ணீர்ச் சொட்டு தொடர்கிறது. தோப்பில் இறங்கினால் கண்ணாடி அணிகிறார். கண் சிவந்தால், வலி வரட்டும் என்று பாராமல் அன்றைக்கே சேலம் பேருந்தில் ஏறிவிடுகிறோம்.