ஆம்ப் கிரவுண்டில் தொலைந்த 1.2 வோல்ட்

காரில் போட்ட சப் ஊஃபர் (பாஸ் ஸ்பீக்கர்) அடிக்கிறது, சத்தம் சுத்தம். ஆனால் ஏசியும் ஹெட்லைட்டும் ஓட, புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஐடிலில் நின்றால் போதும், நாலு பீட் விழுவதற்குள், வோல்ட்டேஜ் இறங்கினால் எரியும் சிவப்பு புரொடெக்ட் லைட் எரிந்து ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) படுத்துவிடும். வண்டி நகர்ந்ததும் தானாக எழுந்துகொள்ளும். இரண்டு வாரம் படுத்திய இந்தக் கோளாறு போன ஞாயிறு பிடிபட்டது. காரணம் கிரவுண்டில், அதாவது ஆம்பின் நெகட்டிவைக் கார் பாடியோடு சேர்க்கும் இடத்தில், ஒரே ஒரு போல்ட்.

செட்டப்: மோனோ (ஒரே சேனல்) கிளாஸ் டி ஆம்ப், 2 ஓமில் 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்), ஹேட்ச்பேக் டிக்கியில். ஆம்பிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. பேட்டரியிலிருந்து 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள், நாலரை மீட்டர். பேட்டரி டெர்மினலிலிருந்து 30 செ.மீ. தள்ளி 60 ஆம்பியர் ஏஎன்எல் ஃபியூஸ் (பெரிய கரண்ட்டுக்கான பட்டை ஃபியூஸ்). இந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, கேபிளைக் காப்பாற்ற. 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான்: ஃபியூஸுக்கு முன்னால் கேபிள் பாடியில் உரசினால் நடுவில் தடுக்க ஒன்றுமில்லை.

கேட்ட இடமெல்லாம் கிடைத்த வைத்தியம் 'ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்க'. கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஒரு ஃபாரட் தருவது 26 ஜூல். 500 வாட்டுக்கு அது 0.05 விநாடி தாங்கும். கெப்பாசிட்டரில் இருக்கும் நீல எல்இடி மட்டும் நன்றாக எரியும்.

இனி அளந்த விதம். மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து கிரவுண்டைச் சோதிப்பது வீண். மீட்டரின் சொந்த ஒயரே 0.2 ஓம் காட்டும், நாம் தேடுவதோ மில்லி ஓம். கரண்ட் ஓடும்போது வோல்ட்டேஜ் எங்கே தொலைகிறது என்று பார்ப்பதுதான் வழி. எஞ்சின் 1500 ஆர்பிஎம், வண்டி வெட்டவெளியில், 50 ஹெர்ட்ஸ் டோன், ஒரு தடவைக்கு 10 விநாடி. அதற்கு மேல் விட்டால் வாய்ஸ் காயில் சூடேறும். கேபிளைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் டிசி அளப்பதாக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் மலிவு மீட்டர்கள் பல ஏசி மட்டுமே காட்டும். டிக்கிக்கும் பானெட்டுக்கும் நடுவே அளக்க நீள ஒயர் தேவை. மீட்டர் வழியாகக் கரண்ட் ஓடாது என்பதால் காலிங் பெல் ஒயரே போதும்.

38 ஆம்பியர் ஓடியபோது பேட்டரியில் 13.6 வோல்ட், ஆம்பில் 12.0. பாசிட்டிவ் பக்கம் தொலைந்தது 0.3. நெகட்டிவ் பக்கம் 1.3! அதையும் துண்டு துண்டாகப் பிரித்தால், பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து (அதில் மாட்டிய கேபிள் கிளாம்ப் அல்ல, ஈயப் போஸ்ட்டேதான்) டிக்கி பாடி வரை 0.05, கிரவுண்ட் கேபிளில் 0.05, மீதி 1.2 முழுக்க லக்குக்கும் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) பாடிக்கும் நடுவில். 1.2 வோல்ட், 38 ஆம்பியர், கிட்டத்தட்ட 45 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் சொருகி வைத்த மாதிரி. தொட்டால் விரல் நிற்கவில்லை. லோடு இல்லாதபோது அதே இடம் நல்ல பிள்ளை மாதிரி பூஜ்யம் காட்டும்.

போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் லக்குக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. கரண்ட் போனதெல்லாம் போல்ட் மரை வழியாக மட்டும். மரையிலோ செம்பழுப்புத் துரு. கடற்கரையிலிருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள் நிற்கும் வண்டிக்கு இது ஒரு மழைக்காலத்து வேலை. ஐப்பசி, கார்த்திகையில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து, பாதி சுரண்டிய கிரவுண்டைத் தின்றுவிடும்.

கிரவுண்டைப் புதிதாகப் போட்டது இப்படி. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே இல்லை. அது உயிரைப் பிடிக்கிற போல்ட், நடுவே லக் வைத்து அதன் பிடிப்பைக் கெடுக்கக் கூடாது. செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவும் வேண்டாம். முக்கால் மி.மீ. தகட்டில் ஒன்றிரண்டு மரைதான் பிடிக்கும், ஆறு மாத அதிர்வில் ஆடிவிடும். டிக்கியின் பக்கவாட்டில் ரெண்டு தகடு சேர்த்து வெல்டு வைத்த கெட்டியான இடமாகப் பார்த்து எம்8 போல்ட்டுக்குத் துளை. டிரில்லைத் தொடும் முன் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்: பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் மூன்றும் அந்தப் பக்கம் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் டிரில்.

துளையைச் சுற்றி 30 மி.மீ. வட்டத்துக்கு 80 நம்பர் உப்புத்தாள். பளபளவென்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆங்கிள் கிரைண்டர் போட்டால் பெயின்ட்டோடு துத்தநாகப் பூச்சும் போய், துரு இன்னும் சீக்கிரம் வரும். லக் நேராக வெற்று உலோகத்தின் மேல். நடுவே வாஷர் கிடையாது. லக்குக்கு மேலேதான் பிளெயின் வாஷர், ஸ்பிரிங் வாஷர். அடியில் நட். நன்றாக முறுக்கிய பிறகு ஜிங்க் பிரைமர், மேலும் கீழும், லக்கின் விளிம்பு மூடும்படி. இந்த வரிசையை மாற்றி முதலில் பிரைமர் அடித்தால் பழைய கதைதான். கிரவுண்ட் கேபிள் 40 செ.மீ., பாசிட்டிவுக்குப் போட்ட அதே தடிமன்.

கிரவுண்டை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தால் என்ன என்பவர்களுக்கு: புது வண்டிகள் பலவற்றில் நெகட்டிவ் கிளாம்பில் கரண்ட் சென்சார் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி போஸ்ட்டில் நேராகக் கட்டினால் ஆம்ப் இழுக்கும் கரண்ட் வண்டியின் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். பாடியே நல்லது.

கிரவுண்ட் மோசமாக இருக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. போக வழியில்லாத கரண்ட் ஆர்சிஏ கேபிளின் (பாட்டு சிக்னலை ஆம்புக்குக் கொண்டுவரும் ஒயர்) ஷீல்டு வழியாக ஹெட் யூனிட்டுக்கு (டாஷ்போர்டு ஸ்டீரியோ) பாயும். உள்ளே இருக்கும் பொடி ஃபியூஸ் போய்விட்டால் பிறகு ஆக்சிலரேட்டருக்கு ஏற்ற மாதிரி 'ஙொய்ங்' என்று ஆல்டர்னேட்டர் பாடும். அதனால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, ஆம்பில் முதலில் கிரவுண்ட், அடுத்து பாசிட்டிவ், ரிமோட் (ஆம்பை ஆன் செய்யும் ஒயர்), கடைசியில் ஆர்சிஏ. பேட்டரி நெகட்டிவ் எல்லாம் முடிந்த பிறகு.

கேபிள் பற்றி ஒரு புலம்பல். பெட்டியில் வரும் '4 கேஜ் கிட்' ஒன்றை உரித்துப் பார்த்தால் தடிமன் முழுக்க பிளாஸ்டிக். உண்மையான 4 கேஜ் என்றால் 21 ஸ்கொயர், இழைக் கட்டு மட்டுமே 6 மி.மீ.க்குக் குறையாது. இதில் அதுவும் இல்லை, இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அதாவது காப்பர் பூசிய அலுமினியம். அதே தடிமன் காப்பரைவிட ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கு மேல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்ததுதான் இந்த 25 ஸ்கொயர் வெல்டிங் கேபிள். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் மீட்டர் கணக்கில் கேட்கலாம். ஐஎஸ் 9857 (வெல்டிங் கேபிளுக்கான இந்தியத் தரம்), ஹெச்ஓஎஃப்ஆர் (உறையின் வகை) என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், எண்ணெயும் சூடும் தாங்கும். வெல்டிங் கேபிளிலும் அலுமினியம் உண்டு, எனவே பிளேடைப் பையில் வைத்துக்கொண்டே போகவும். கடலூர்க்காரர்கள் முதுநகர் துறைமுகத்தில் போட் ஒயரிங் பார்ப்பவர்களிடம் டின் பூசிய காப்பர் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். உப்புக்காற்றுக்கு அதற்கு மேல் ஒன்று இல்லை.

25 ஸ்கொயர் ஆம்பின் துளைக்குள் நுழையாது. இழைகளை வெட்டி மெலிதாக்காமல் பின் லக் (நுனி ஊசிபோல் மெலிந்த லக்) போட்டாயிற்று. லக்குகளுக்கு ஹைட்ராலிக் கிரிம்பிங், மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். உளி வைத்துச் சுத்தியலால் அடிப்பதும் லக் நிறைய ஈயம் ஊற்றுவதும் வேண்டாம். ஈயம் இழைக்குள் ஏறி விறைத்த இடத்தில்தான் பின்னால் கேபிள் முறியும்.

பாசிட்டிவ் கேபிள், ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஏற்கெனவே இருந்த ரப்பர் குரோமெட் (துளை விளிம்பை மூடும் ரப்பர்) வழியாகத்தான் போயிருக்கிறது. குரோமெட்டுக்கு முன்னால் கேபிளை ஒரு சுற்று கீழே தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், காலடி கார்ப்பெட் நனையாது.

மறுபடி அதே டோன்: பேட்டரியில் 13.5, ஆம்பில் 13.2. லக் மூட்டில் 0.03. பாசிட்டிவ் பக்கம் 0.3 இருந்ததும் 0.2 ஆனது, ஃபியூஸ் ஹோல்டரின் ஆலன் ஸ்க்ரூ கால் சுற்று தளர்ந்திருந்தது. அரை மணி நேரம் பாட்டு ஓடியும் ஹோல்டர் சூடாகவில்லை, ஏசி, ஹெட்லைட்டோடு ஐடிலில் புரொடெக்ட் லைட்டும் எரியவில்லை.

அடுத்தது கதவு ஸ்பீக்கர்களுக்கு நாலு சேனல். அதற்கு முன் ஆல்டர்னேட்டர்–பேட்டரி, எஞ்சின்–பாடி, பேட்டரி–பாடி மூன்று கேபிளையும் தடிமனாக்க வேண்டும், ரெண்டு மீட்டர் கேபிள் மிச்சம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஐஎம்டி 24 என்ற கூடுதல் பிரிவில் ஆம்பையும் சேர்க்கச் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து போட்ட எலக்ட்ரிக்கல் சாமான் தனியாகச் சேர்க்காவிட்டால் க்ளெய்மில் வராது. டிக்கி டிரிம்மை இன்னும் மூடவில்லை. அடியில் அடித்த பிரைமர் காய வேண்டும், மேலே அண்டர்பாடி கோட்டிங் ஒரு கை பாக்கி.