பூசணி விதைக்குள் ஒரு பூச்சி

அக்டோபர் 5
குளியலறைச் சுவரில், ஈரம் பூத்த மூலையில், பூசணி விதை போல ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம். இரு முனையும் கூம்பி, நடுவில் புடைத்திருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 9 மி.மீ. "அது வெறும் தூசிடி, தட்டி விடு" என்றாள் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டினேன்.

அக்டோபர் 8
தூசிதான், ஆனால் கட்டி எழுப்பிய தூசி. உள்ளே இருப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. டினெய்டே குடும்பம், ஃபெரியோயீகா பேரினம். தானே நூற்ற பட்டில் உறை நெய்து, வெளிப்புறம் மணலையும் சுவர்த் துகளையும் ஒட்டிக்கொள்கிறது. தலையையும் மூன்று ஜோடிக் கால்களையும் மட்டும் நீட்டி, வீட்டை இழுத்துக்கொண்டு போகிறது. ஈர்க்குச்சியால் தொட்டேன். சட்டென்று உள்ளே போனது, சற்று நேரத்தில் மறுமுனையில் எட்டிப் பார்த்தது! இரண்டு பக்கமும் வாசல். நடுப்புடைப்பு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது, உள்ளே திரும்பிக்கொள்ள அந்த இடம் வேண்டும்.

அக்டோபர் 13
பரணிலிருந்து பழைய ஒட்டடையும், ஒரு பஞ்சுத் துணுக்கும் போட்டிருந்தேன். ஒட்டடை குறைந்திருக்கிறது, பஞ்சு அப்படியே கிடக்கிறது. பனாமாவில் அன்னெட் ஐயெல்லோ என்ற பூச்சியியலாளர் இந்தப் பேரினப் புழுக்களை முட்டையிலிருந்து வளர்த்து 1979-இல் எழுதியிருக்கிறார். அவர் கொடுத்த தீனி செத்த கொசுக்கள். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்! நான்கைந்து போட்டேன். புழுப்பருவம் மட்டும் ஏறக்குறைய 50 நாளாம்.

அக்டோபர் 24
இரண்டு நாளாகத் தீனி தொடவில்லை. இன்று பாட்டிலின் மேல்பக்கம் ஏறி, கூட்டின் இரு முனையையும் பட்டிழையால் கண்ணாடியோடு கட்டிவிட்டது. ஒரு முனை மட்டும் தட்டையாகியிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஓரங்களில் சிறு கீறல். ஏன் ஒரு பக்கம் மட்டும்?

நவம்பர் 2
அசைவே இல்லை. தினமும் துணியில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். காய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நவம்பர் 9
மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு ஒரு குட்டி அந்து உட்கார்ந்திருக்கிறது. இறக்கை ஓரமெல்லாம் மயிர்க் குஞ்சம். இனி இதற்குச் சாப்பாடு கிடையாது. இணை தேடி, சுவர் இடுக்குத் தூசியில் முட்டையிடுவதற்கு ஒரு வாரம்போல ஆயுள்.

கூட்டைப் பார்த்தேன். தட்டையான அந்த முனையில் கூட்டுப்புழுவின் காலித் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவை முன்கூட்டியே கீறி வைத்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறது.

சாயங்காலம் துணியை அவிழ்த்து, பாட்டிலைக் குளியலறை ஜன்னலில் வைத்தேன்.