உப்புக்காற்றும் புதுக் கேமராவும்

"லே மக்கா, இந்தக் காத்துல நின்னா லென்ஸைக் கழத்துவ?"

முட்டம் கடற்கரைப் பாறையில் இன்று சாயங்காலம் வாங்கிய திட்டு. திட்டியவர் பல வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிற அண்ணன்.

என் கையில் புது மிரர்லெஸ் கேமரா. வாங்கி 9 நாள். தவணை இன்னும் 23 மாதம்.

கேமராவைத் திருப்பிக் காட்டினார். படத்தைப் பிடிக்கிற சென்சார் வெறும் மேனியாகப் பளபளத்தது. பழைய வகையான டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சாருக்கு முன்னால் மிரர் என்கிற கண்ணாடி, அதன் பின்னால் ஷட்டர் என்கிற திரை என்று இரண்டு மறைப்பு இருக்கும். இதில் கண்ணாடியே கிடையாது. 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், ஆஃப் செய்தால் ஷட்டரை மூடிக்கொள்ளும். என்னுடையது மூடாது. 4கே வீடியோ பற்றி அரை மணி நேரம் பேசிய கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை.

லென்ஸை வெயிலுக்குச் சாய்த்தோம். மெல்லிய பால்படலம்.

சட்டை நுனியால் துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். காய்ந்த உப்பைத் தேய்த்தால் லென்ஸின் மேல்பூச்சு கீறிவிடுமாம். முதலில் புளோயர் என்கிற காற்றடிக்கும் ரப்பர் பந்தால் ஊதினார். அப்புறம் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பச்சைப்பிள்ளைக்கு மூக்கு துடைக்கிற பக்குவம்.

அவரிடம் இன்னும் நிக்கான் டி90 ஓடுகிறது. 2008-இல் வந்தது, வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர். பிடி ரப்பர் உரிந்து டேப் சுற்றியிருக்கிறது. இருப்பிடம், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்ட ஒரு சாப்பாட்டு டப்பா.

ஜன்னல் கம்பியையே உப்பு தின்கிற ஊர் இது. நானோ அடுத்த லென்ஸுக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் திங்கள்சந்தையில் ஒரு டப்பா வாங்கினேன். அரிசி போட என்று அம்மா எடுத்து வைத்துவிட்டாள்.