யானைக்கால் இல்லை, லிப்பிடிமா

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கால் தடித்தால் ஊரே வைக்கும் பேர் யானைக்கால்தான். எனக்கும் அதையே வைத்தார்கள். உண்மையில் எனக்கு இருந்தது லிப்பிடிமா, தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்து கால் தடிக்கும் நோய். ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கக் காலையில் வரச் சொன்னார்கள். லீவு போட்டுப் போனால், கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்த ரத்தம் ராத்திரிதான் எடுக்கணும், யானைக்கால் புழு பகல்ல ரத்தத்துக்கு வராது" என்கிறார். அதை முதலிலேயே சொன்னால் என்ன? ராத்திரி மறுபடி போனேன். ஒன்றுமில்லை என்று வந்தது.

அடுத்த டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். எட்டு கிலோ குறைந்து கன்னமெல்லாம் ஒட்டிப்போனது, கால் மட்டும் அப்படியே. திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்பதுபோல் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் லெட்டர் வாங்கியது தனிக் கதை. அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சது?" அதுவரை யாரும் கேட்காதது. நல்லவேளை, மகள் பழைய போட்டோக்களைப் போனில் ஏற்றி வைத்திருந்தாள். பள்ளி விளையாட்டுப் போட்டியில், வயதுக்கு வந்த மறுவருடம், தொடை பெருத்திருக்கிறது, தோல் வழவழப்பு: லிப்பிடிமாவின் முதல் கட்டம். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் பங்கோர் கடற்கரையில் மேடும் பள்ளமும், தடவினால் உள்ளே உருண்டை உருண்டையாக: இரண்டாவது. இப்போது மாதவிலக்கு நிற்கும் வயதில் முட்டி உள்பக்கம் சதை மடிந்து தொங்குகிறது: மூன்றாவது. ஹார்மோன் மாறும்போதெல்லாம் ஒரு தாவு தாவியிருக்கிறது. எல்லோருக்கும் மூன்று வரை போகாதாம், பல வருடம் ஒரே இடத்தில் நிற்பதும் உண்டாம்.

அப்புறம் என் கொலுசைக் காட்டினார். அதற்கு மேல் சதை வளையம் மாதிரி பிதுங்கி நிற்கிறது, கீழே பாதம் ஒல்லி. கால்விரல் தோலைக் கிள்ளினார், கிள்ள வந்தது. நிணநீர், அதாவது உடம்புத் திசுக்களிலிருந்து வடியும் நீர், தேங்கினால்தான் பாதமும் வீங்குமாம், அந்தத் தோல் கிள்ள வராதாம். பாதம் அப்படி வீங்குகிறதா என்பதை மட்டும் கவனிக்கச் சொன்னார். அமெரிக்காவில் மாயோ கிளினிக் ஆஸ்பத்திரியில் ஆலன், ஹைன்ஸ் என்ற டாக்டர்கள் 1940-லேயே எழுதி வைத்த நோய், அதன் பேர் எனக்கு வந்து சேர இத்தனை வருடம்!

அழுத்தக் காலுறை நம்ம வெயிலுக்குக் கொடுமைதான், ஆனால் சாயங்கால வலி பாதி. எடையை விடுங்கள், மாதம் ஒருமுறை டேப்பால் அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். ரெஃபரல் லெட்டரையும் இரண்டு காப்பி எடுங்கள், என்னுடையதைக் கவுண்டரிலேயே தொலைத்துவிட்டு என்னிடமே கேட்டார்கள்.